மைக்கை எங்கே வைப்பது

சூரியநெல்லிக்கு ஒலிப்பதிவு கற்க வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் காற்றைப் பற்றித்தான் பேசுவேன். தேயிலைக் காட்டில் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களும் கிளை வெட்டப்பட்டு நிற்கும். ஆனையிறங்கல் அணைப் பக்கமிருந்து ஏறி வரும் காற்று நேரே மைக்கில் வந்து மோதும். உரோமக் கவர் போட்டாலும், ரெக்கார்டரில் லோ கட் வைத்தாலும், ஜூன் பிறந்துவிட்டால் பாதி நாள் வீண்தான்.

விடியற்காலையில் வேறொரு தொல்லை. கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் நாலு மணிக்கே உறுமத் தொடங்கும். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஜீப் போகிற பாதை சூரியநெல்லியில் தொடங்கி ஹாரிசன்ஸ் மலையாளம் கம்பெனியின் எஸ்டேட்டுக்குள் புகுந்து போகிறது. தமிழ்நாட்டு மலைக்குக் கேரளத்து வழி. ஜீப்புகள் மேலே போய்ச் சேர்ந்த பிறகு, பேர் பதிகிற காலைப் பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்னால், கொஞ்ச நேரம் ஊர் வாய்மூடி இருக்கும். பறவைச் சத்தம் வேண்டுமா, தண்ணீர்க் குழாய்ச் சத்தம் வேண்டுமா, அப்போதே எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு நாள் முழுக்கக் கொழுந்து வெட்டுகிற கத்திரிச் சத்தம்தான்.

ஆவணப்படம் என்றதும் எல்லாருக்கும் கேமராதான் நினைவுக்கு வரும். இந்தத் தொழில் எப்படி மாறியது என்று பாடம் நடத்துகிறவர்களும் கேமராவை வைத்தே நடத்துகிறார்கள்: 16 எம்.எம்., யு-மேட்டிக், மினி டி.வி. கேசட், கேனன் 5டி, இப்போது செல்போன். நான் ஒலிப்பதிவுக்காரன். பின்னால் சொந்தமாகவும் படம் எடுத்தேன் என்றாலும் எங்கே போனாலும் காதுதான் முந்தும். காதை வைத்துச் சொன்னால் இந்தக் கதை வேறு மாதிரி வரும். திரையில் தெரிகிற ஆள் பேசுகிறாரா, இல்லை அவர் தலைக்கு மேல் வேறு யாரோ பேசுகிறார்களா? நான் பார்த்தவரை, அந்த ஆள் தன் வாயால் பேசுவதற்கு வசதியாக ஒரு கருவி வந்தால், அவரை அமுக்கிவிட்டு மேலே ஏறிப் பேசுவதற்கும் சீக்கிரமே ஒரு வழி வந்துவிடுகிறது.

என் தொழில் போடிநாயக்கனூரில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் தொடங்கியது. முதலாளி தோளில் பானசோனிக் எம் 9000, என் கையில் சன் கன் விளக்கு. கல்யாண வீடியோவில் சத்தத்துக்கு மரியாதை கிடையாது. எடிட்டில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு இளையராஜா பாட்டைப் போடுவோம். தாலி கட்டும்போது பெண்ணின் அப்பத்தா ஏதோ சொல்லி விசும்பியிருப்பார். மாமன்மார் சீர்த்தட்டுக்குச் சண்டை போட்டிருப்பார்கள். அந்தக் கேசட்டுகளில் இன்றைக்குப் பாட்டு மட்டும்தான் இருக்கிறது.

1995இல் சோனி வி.எக்ஸ். 1000 வந்தபோது கேமராக்காரர்கள் கொண்டாடினார்கள். எனக்கு 2000த்தில் வந்த பி.டி. 150தான் பெரிய விஷயம். அதில் எக்ஸ்.எல்.ஆர். மைக் இரண்டைச் சொருகலாம். ஒரு கேமராக்காரர், ஒரு ஒலிப்பதிவுக்காரர் என்று இரண்டு பேர் பஸ் ஏறிப்போய்ப் படம் எடுத்துத் திரும்ப முடிந்தது. அந்த இரண்டாவது ஆளாகத்தான் நான் ஆவணப்படத்துக்குள் நுழைந்தேன்.

கொஞ்சம் படிக்கவும் செய்தேன். புனேவில் திரைப்படக் கல்லூரியும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் சேர்ந்து நடத்தும் திரைப்பட ரசனை வகுப்பில்தான் 'சாங் ஆஃப் சிலோன்' பார்த்தேன். 1934இல் பேசில் ரைட் எடுத்த படம்; தயாரிப்பு ஜான் கிரியர்சன். உலக ஆவணப்பட வரலாற்றில் தவறாமல் இடம்பிடிக்கும் அந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியம். திரையில் கொழுந்தெடுக்கிற பெண்கள் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கூடை முதுகில் தொங்கும் விதமும் விரல் ஓடும் வேகமும் எங்கள் வீட்டில் பார்த்தவை. ஆனால் அவர்கள் பேசுவது கேட்கவில்லை. இலங்கையில் படம் மட்டும்தான் பிடித்தார்கள்; ஒலி முழுவதும் லண்டனில் சேர்த்தது. ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட இலங்கை நூலின் பகுதிகளை லயனல் வெண்ட் வாசிக்கிறார். 'வணிகத்தின் குரல்கள்' என்ற பகுதியில் கொழுந்தெடுக்கும் காட்சிகளின் மேல் சந்தை நிலவரமும் கப்பல் விவரமும் ஓடுகின்றன. அருமையான ஒலியமைப்பு, அதை மறுக்க முடியாது. எழுத்தால் அல்ல, ஒலியால் வாதம் செய்யலாம் என்று எனக்குக் காட்டிய படமே அதுதான். சந்தைக்குக் குரல் உண்டு, கூலிக்குக் குரல் இல்லை என்பதை ரைட் வேண்டுமென்றே செய்தாரா, இல்லை தேயிலைப் பணத்தில் அவ்வளவுதான் செய்ய முடிந்ததா என்று வகுப்பில் பெரிய சண்டை நடந்தது. இரண்டும்தான் என்று எனக்குப் பட்டது, இப்போதும் படுகிறது.

நம் ஆட்களும் அந்த வழியில்தான் போனார்கள். ஏ.கே. செட்டியார் காந்தி படத்துக்காக உலகம் சுற்றி, பல நாட்டுக் கேமராக்காரர்கள் எடுத்த 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டி, 1940 ஆகஸ்டில் தமிழில் வெளியிட்டார். தனி ஆளாக அவர் செய்ததை இன்றைக்கு ஒரு நிறுவனம் செய்யுமா என்பது சந்தேகம். அதுவும் வர்ணனைக் குரல் நடத்திப்போகிற படந்தான். அந்தக் காலத்தில் வேறு வழியும் இல்லை. 1948இல் ஃபிலிம்ஸ் டிவிஷன் வந்த பிறகு அந்தக் குரலுக்கு அரசு வேலையே கிடைத்துவிட்டது. சினிமாக் கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் ஓடியாக வேண்டும் என்பது அன்றைய விதி. அணை வரும், டிராக்டர் வரும், உழவர் சிரிப்பார். உழவர் என்ன நினைக்கிறார் என்பதையும் அந்தக் கணீர்க் குரலே சொல்லிவிடும். ஒரே குரல் நெல்லையும் நிலக்கரியையும் நெசவையும் ஒரே தொனியில் பேசும். மக்கள் அதற்குள் வெளியே போய் பீடி குடித்துவிட்டு வந்தார்கள்.

அந்தக் குரலை இறக்கி வைத்தது ஒரு டேப் ரெக்கார்டர். நாக்ரா என்று சுவிட்சர்லாந்துக் கருவி. தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம், கேமராவோடு இழைந்து ஓடும். 1960 கோடையில் ழான் ரூஷும் எட்கர் மோரெனும் பாரிஸில் 'ஒரு கோடையின் வரலாறு' எடுத்தார்கள். அதில் மார்செலின் என்ற பெண் நாஜி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். நாக்ராவைத் தானே சுமந்துகொண்டு, தன் தந்தையிடம் பேசுவது மாதிரித் தனக்குத்தானே பேசியபடி தெருவில் நடந்து வருகிறார். கேமரா ஒரு காரில் ஏறி அவரைவிட்டு விலகி விலகிப் போகிறது. உருவம் சிறுத்துக்கொண்டே போக, குரல் மட்டும் காதோரத்திலேயே நிற்கிறது. பேசுகிறவரே ரெக்கார்டரைச் சுமந்தார் என்பதுதான் அந்தக் காட்சியின் உயிர். முடிவில், எடுத்த படத்தை அதில் நடித்தவர்களுக்கே, தப்பு, அதில் இருந்தவர்களுக்கே போட்டுக்காட்டி, அவர்கள் திட்டியதையும் படத்தில் சேர்த்தார்கள். இந்த இரண்டையும் அங்கிருந்து எடுத்துக்கொண்டுதான் நான் ஊர் திரும்பினேன்.

ஊரில் அதைச் செய்வதற்கு முதலில் லயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான் என்றாலும் ஹெட்போன் மாட்டிய பிறகுதான் அது முழுதாக எனக்கு விளங்கியது. வரிசையாக வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர், பல இடங்களில் அந்தச் சுவரும் கூரைவரை எட்டாது. பக்கத்து வீட்டு டி.வி. சீரியல், அடுத்த வீட்டு மிக்சி, மூன்றாம் வீட்டுத் தாத்தாவின் இருமல் எல்லாம் ஒரே டிராக்கில் விழும். ஒலிப்பதிவுக்காரனுக்கு இது தலைவலி. அதைவிடப் பெரிய விஷயம், நமக்குக் கேட்கிற மாதிரி அவர்களுக்கும் கேட்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனார் இருக்கும்போது எந்தப் பெண் தன் கடனைப் பற்றியோ புருஷனின் குடியைப் பற்றியோ வாய் திறப்பார்? வெளியூர்ப் படக்குழுக்கள் வந்தால் 'வீட்டுச் சூழலில்' பேட்டி எடுப்பார்கள். பின்னால் சாமி படம், பக்கத்தில் சின்ன டேபிள், அதில் எவர்சில்வர் டம்ளர். அந்தப் பேட்டிகளில் அக்காமார் சொல்வதெல்லாம் சுவருக்குச் சொல்வது. மனசில் இருப்பது காட்டில்தான் வெளியே வரும். பத்து அடி தள்ளி ஒருத்தி, இடையில் இடுப்பளவு செடி, மேலே காற்று. எங்கள் ஊரில் தனியறை என்று ஒன்று இருந்தால் அது தேயிலைக் காடுதான்.

காட்டில் மைக் வைப்பது தனி வித்தை. மார்பில் குத்தினால் இடுப்பிலிருந்து ஏறி நிற்கும் படங்குத் துணி உரசும். கழுத்தில் குத்தினால் தலைத்துண்டின் நுனி உரசும். தலைத்துண்டுக்கு உள்ளே, நெற்றிக்கு மேலே, முடியோரமாக மருந்துக்கடை டேப்பால் ஒட்டினால்தான் சரிவருகிறது. வயர் பின்னங்கழுத்து வழியாக இறங்கி, டிரான்ஸ்மிட்டர் படங்குக் கயிற்றில் தொங்கும். மேட்டு லயத்து அக்கா ஒருவருக்கு இப்படி மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

“ஏ தம்பி, நான் ஒதுங்கப் போனாலும் இது கேக்குமா?”

“கேக்கும்க்கா.”

“ஏங்கிட்ட கங்காணியப் பத்தி எவளாச்சும் பேசுனா?”

“அதுவும் கேக்கும். இந்தா, இதுதான் சுவிச்சு. வேணாங்கறப்ப நீங்களே அமத்திக்கோங்க.”

அன்றைக்கு அவர் நான்கைந்து தடவை அமர்த்தினார். ஒவ்வொரு தடவையும் தூரத்தில் நின்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. பெரும்பாலான ஒலிப்பதிவுக்காரர்கள் அந்தச் சுவிட்சை டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள், தெரியாமல் கை பட்டுவிடக் கூடாதே என்று. தொழில்நுட்பப்படி அதுதான் சரி. நான் ஒட்டுவதில்லை. அமர்த்தத் தெரிந்த ஆள்தான் அமர்த்தாமல் இருக்கும்போது நம்பிப் பேசுகிறார்.

இன்னொன்றும் கவனித்தேன். கத்திரி ஓடிக்கொண்டிருக்கும்வரை அக்காமாரின் பேச்சு ஒரு மாதிரி. கத்திரியை நிறுத்திவிட்டு நம் பக்கம் திரும்பினால் வேறு மாதிரி. கை வேலையில் இருக்கும்போது வாக்கியம் சின்னதாக, கத்திரியின் தாளத்துக்கு இடையில் விழும். நடுவில் மூச்சு, பக்கத்துச் செடிக்காரிக்கு ஒரு அதட்டல், மறுபடி விட்ட இடம். கையை நிறுத்தியதும் “தோட்டத் தொழிலாளர்களாகிய நாங்கள்” என்று ஆரம்பித்துவிடுவார். அவர் பேரில் குற்றமில்லை. மைக் முன்னால் இப்படித்தான் பேச வேண்டும் என்று கூட்டங்களும் டி.வி.யும் பழக்கி வைத்திருக்கின்றன. அதனால் நான் கத்திரியை நிறுத்தச் சொல்வதே இல்லை. ஒலி அழுக்காக இருக்கும், மிக்சிங்கில் திட்டு விழும், விழட்டும். மதுரையில் அமுதன் ஆர்.பி. 2003இல் எடுத்த 'பீ' படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தெருவில் மலத்தை அள்ளிக்கொண்டே மாரியம்மாள் பேசுகிறார், திட்டுகிறார். அவரை உட்காரவைத்துப் பேட்டி எடுத்திருந்தால் அந்தப் படமே இல்லை.

கத்திரிக்கு முன்னால் கையால் கிள்ளியதை என் அம்மா காலத்தில் கேட்டிருக்கிறேன். அந்தக் காடு கதையும் பாட்டும் பொரணியுமாக இருக்கும். இப்போது சில இடங்களில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் செடிமேல் ஓட்டுகிற இன்ஜின் மெஷின் வந்திருக்கிறது. அது ஓடும் பாத்தியில் யாரும் யாருடனும் பேச முடியாது. எவ்வளவு கிலோ கூடியது என்று மெஷின் கணக்குச் சொல்வார்கள். பேச்சு போனதற்குக் கணக்கு வைத்திருப்பவர் யாருமில்லை.

எங்கள் ஊருக்கும் மைக்குக்கும் பழைய கசப்பு ஒன்று உண்டு. 1996இல் நடந்த ஒரு கொடுமைக்குப் பிறகு சூரியநெல்லி என்பது பத்திரிகைகளில் ஒரு வழக்கின் பெயராகிவிட்டது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம், நல்ல சட்டம். அந்த இடத்தில் ஊரின் பெயரை ஒட்டிவிட்டார்கள். வழக்கு ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தபோதெல்லாம், 2013இல் உச்ச நீதிமன்றம் மறு விசாரணைக்கு அனுப்பியபோதும், கேமராக்கள் மலையேறி வந்து, கடைத்தெருவில் கண்ணில் பட்டவர் முன்னால் மைக்கை நீட்டின. அதைப் பற்றிப் படம் எடுக்கச் சொல்லி என்னிடம் வந்தவர்களும் உண்டு. ‘உள்ளூர்க்காரர் நீங்கள், உங்களிடம்தான் பேசுவார்கள்’ என்றார்கள். என்னிடம் பேசுவார்கள் என்பதே நான் எடுக்காததற்குக் காரணம். வகுப்பில் மாணவர்கள் ஆவணப்பட அறம் பற்றி நீளமாக எழுதுகிறார்கள். எதைப் பதிவு செய்யாமல் திரும்பி வருவது என்பதற்கு ஒரு பாடவேளையாவது ஒதுக்கலாம்.

2015 செப்டம்பரில் மூணாறு வேறு மாதிரி பேசியது. போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததை எதிர்த்துக் கண்ணன் தேவன் கம்பெனியின் பெண் தொழிலாளர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெண்கள் ஒற்றுமை, அவர்கள் வாய்ப்படி ‘பொம்பிளை ஒருமை’. தலைமை தாங்க வந்த தொழிற்சங்க ஆண்களை ‘எழுந்து போங்க’ என்று அனுப்பினார்கள். 20 சதவீதம் வாங்கினார்கள். 232 ரூபாய் தினக்கூலி அந்த ஆண்டே 301 ஆனது. நான் ரெக்கார்டரும் பூம் கம்புமாக அந்தக் கூட்டத்துக்குள் கிடந்தேன். என்னிடம் இருக்கும் ஒலியில் ஒரு அம்மா கணக்குச் சொல்கிறார்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுத்தால் கூலி, அதற்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு என்ன, அந்த மேல்கிலோ கம்பெனிக்கு எவ்வளவு லாபம், அதில் போனஸ் எந்த மூலைக்கு. தாளில்லை, மூச்சு வாங்காமல் சொல்கிறார். அதே அம்மாவை இரண்டு அடி தள்ளி ஒரு சேனலும் பதிவு செய்தது. ராத்திரி செய்தியில் அவர் கண்ணைத் துடைத்த இடம் மட்டும் வந்தது. மீதியைச் செய்தியாளர் மலையாளத்தில் சுருக்கிச் சொன்னார். தொழிலாளி அழுதால் அவர் குரலையே போடுவார்கள். கணக்குச் சொன்னால் வேறு யாராவது சொல்வார்கள். அந்த வாரம் முழுக்க எல்லாச் சேனல்களிலும் இதே நடைமுறைதான்.

தேயிலைத் தொழிலாளர் பற்றி நாங்கள் எடுத்த எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலம் போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். அந்தப் படத்தை நான் பார்த்தது ஒரு தொழிற்சங்க அறையில், சின்ன டி.வி.யில். கேரளத்தில் சி. சரத்சந்திரன் போராட்டங்களைப் படம் எடுப்பதையே ஒரு வாழ்க்கையாக வைத்திருந்தார். பாலக்காடு பிளாச்சிமடையில் கோக் கம்பெனிக்கு எதிராக 2002இல் தொடங்கிய போராட்டத்தை பி. பாபுராஜோடு சேர்ந்து எடுத்தவர். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போட்டுக்காட்டியவர். 2010இல் ரயிலிலிருந்து விழுந்து இறந்தார். படம் எடுப்பது பாதி வேலை, போட்டுக்காட்டுவது மீதிப் பாதி என்கிற எண்ணமே அவர் மாதிரி ஆட்களிடமிருந்து எங்களுக்கு வந்தது. 2017இல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ படத்துக்கு அரங்கு கிடைக்காதபோது யூடியூபில் ஏற்றினார். அரங்குகளில் பார்த்திருக்கக் கூடியவர்களைவிடப் பல மடங்கு பேர் பார்த்தார்கள். ஆனால் போனில் தனியாகப் பார்ப்பவரிடம் படம் முடிந்ததும் எழுந்து நின்று சண்டை போட ஆளில்லை.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து இறங்கி லயங்களை மூடியது. 70 உயிர். அந்தப் பக்கம் நான் எந்தக் கருவியோடும் போகவில்லை. பின்னால் எங்கள் லயத்தில் ஒருவர் போனைக் கொண்டுவந்து, அங்கே போன உறவுக்காரப் பெண் அனுப்பியிருந்த வாட்ஸ்அப் குரல் பதிவுகளை ‘அழியாம எடுத்துக் குடு’ என்றார். எடுத்து இரண்டு இடத்தில் சேமித்துக் கொடுத்தேன். ரேஷன் அரிசி, காய்ச்சல் மாத்திரை, ‘நெட்வொர்க் இல்லை, பிறகு பேசுறேன்’. இதெல்லாம் எந்தப் படத்துக்கும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஊரில் என்னிடம் வருகிற வேலைகளில் பாதி இந்த மாதிரிதான்.

அரிக்கொம்பன் யானை விவகாரம் வந்தபோது வர்ணனைக் குரல் பழைய பலத்தோடு திரும்பி வந்துவிட்டது. 2023 மார்ச்சில் முதுமலை யானைகளைப் பற்றிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆஸ்கர் வாங்கியது. அதே மாதம் இங்கே அரிசிக்காக ரேஷன் கடையையும் வீட்டையும் உடைக்கிற கொம்பனைப் பிடிப்பதா வேண்டாமா என்று கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு. முதலில் பாலக்காட்டுப் பரம்பிக்குளத்துக்கு அனுப்பச் சொன்னார்கள், முதலமடைக்காரர்கள் கொதித்தார்கள். கடைசியில் ஏப்ரல் 29 அன்று சிமென்ட் பாலம் பக்கம் மயக்க ஊசி போட்டு, கும்கிகளை வைத்து லாரியில் ஏற்றிப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கம்பத்துக்குள் வந்த யானையை ஜூனில் தமிழ்நாட்டு வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் விட்டது. லாரி போன வழியெல்லாம் நேரலை. யானை நின்றால் ஏன் நின்றது, தலை ஆட்டினால் எதற்காக ஆட்டியது என்று ஸ்டூடியோவில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பழைய ஃபிலிம்ஸ் டிவிஷன் உழவர் இடத்தில் இப்போது யானை. எங்கள் பக்கத்து 301 காலனியில் 2003 வாக்கில் அரசாங்கம் குடியேற்றிய ஆதிவாசிகளிடம், யானை நடமாடுகிற இடத்தில் உங்களை ஏன் குடிவைத்தார்கள் என்று கேட்டவர் குறைவு. கேட்டவர்களும் பதிலின்மேல் சோக இசையைப் போட்டார்கள். காலனியில் ராத்திரி நான் எடுத்த பதிவில் இருப்பது தகரம் தட்டுகிற ஒலி, நாய்கள், ஒருவர் தாழ்ந்த குரலில் ‘வந்தாச்சு’ என்று அடுத்த குடிசைக்குச் சொல்வது, பிறகு முள்ளு உடைகிற சத்தம். இசை தேவைப்படவில்லை.

இப்போது ஊரில் எல்லார் கையிலும் கேமரா. ஜீப் டிரைவர் பையன்கள் போடுகிற கொழுக்குமலை ரீல்களை நான் பார்க்கிறேன். சிலவற்றில் ஒளிப்பதிவு பிரமாதம். ஆனால் பத்தில் எட்டில் மெஷின் குரல் பேசுகிறது. மேகக் கடல், சிங்கப்பாறை, உலகின் மிக உயரமான தேயிலைத் தோட்டம் என்று உணர்ச்சியில்லாத ஒரு பெண் குரல். எடுத்த பையனுக்கு நல்ல குரல் உண்டு, கடையில் நின்று சத்தம்போட்டுப் பேசுகிறவன். ‘ஏண்டா நீயே பேசலை?’ என்றால், ‘நம்ம ஸ்லாங் கேட்டா சிரிப்பாங்கண்ணா’ என்கிறான். ஆவணப்படம் படிக்கிற பிள்ளைகளுக்கு பில் நிக்கோல்ஸ் வகுத்த பாணிகளைப் பாடமாக வைக்கிறார்கள். விளக்கும் பாணி போய், கவனிக்கும் பாணி வந்து, பங்கேற்கும் பாணி வந்து என்று வரிசையாக எழுதிவிடுகிறார்கள். வரிசையெல்லாம் புத்தகத்தில்தான். எங்கள் ஊரில் 1934 இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒன்பது பதினாறு அளவில், செங்குத்தாக.

கத்திரி பற்றிய என் படத்துக்குப் பணம் கொடுத்தவர்களும் வர்ணனை வேண்டும் என்றார்கள். வெளிநாட்டுப் பார்வையாளருக்கு இடம் புரியாதாம். மாதிரிக்கு அவர்களே செயற்கைக் குரலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு டிராக் செய்து அனுப்பினார்கள். வழக்கம்போல ரஃப் கட்டை முதலில் ஊரில் போட்டேன், ஞாயிற்றுக்கிழமை, கிளப் ரூமில், வெள்ளை வேட்டி கட்டி. அந்தத் தமிழ் டிராக்கோடுதான் போட்டேன். ஒளிப்பானேன், என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கலாமே. ரூஷ் செய்ததுதான், ஆனால் பாரிஸில் இவ்வளவு சத்தம் இருந்திருக்காது. திரையில் யார் வந்தாலும் பேர் சொல்லிக் கூவினார்கள். குழாய் வந்த இடத்தில் ‘அது உடைஞ்சு மூணு மாசமாச்சு’ என்று ஒரு தனி விவாதம் கிளம்பியது. இடைவேளை விட வேண்டியிருந்தது.

முடிந்ததும் தீர்ப்பு ஒவ்வொன்றாக வந்தது. ஒரு அக்கா தன் மகனின் படிப்புக் கடனைப் பற்றிச் சொன்ன இடத்தை எடுக்கச் சொன்னார், பெண் பார்க்கிறார்களாம். படத்தின் ஆகச் சிறந்த இடம் அது. எடுத்துவிட்டேன். சுவிட்சை அமர்த்தி அமர்த்திச் சிரித்த அக்கா, கத்திரிச் சத்தம் போதாது, காட்டில் இதைவிட ஜாஸ்தி என்றார். சரியான குறை, மிக்சிங்கில் பேச்சுக்காகக் குறைத்திருந்தேன். பிறகு அந்த டிராக் பக்கம் வந்தார்.

“நடுநடுவுல ஒரு பொண்ணு பேசுதே, அது எந்த டிவிஷன்?”

“ஆள் இல்லக்கா. மெஷின்.”

“மெஷினா? எங்க கூலியப் பத்தி அதுக்கு யாரு சொன்னா?”

பின்னால் இருந்த ஒருவர், மெஷினுக்கும் பெரட்டில் பேர் போட்டார்களா என்று கேட்க, கிளப் ரூமே சிரித்தது.

டிராக்கை எடுத்துவிட்டேன். அது சொன்ன தகவல்களில் அவசியமானவற்றை அக்காமார் வாயிலேயே, மறுபடி காட்டுக்குப் போய், கத்திரி ஓட ஓட வாங்கினேன். மெஷின் ஒரு வாக்கியத்தில் சொன்னதைச் சொல்ல அவர்களுக்கு மூன்று நிமிடம் ஆகிறது. நடுவில் கொசுறாக இரண்டு வசவும் உண்டு. அதனால் படம் நீண்டுவிட்டது. டி.வி.க்கு 52 நிமிடம்தான் வேண்டும் என்கிறார்கள். வசவை எடுத்தால் கொஞ்சம் குறையும் என்று மெயில் வந்திருக்கிறது. அக்காமாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.